டேஷ்போர்டுக்குள் ஒரு காது

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். படித்தவர்களும்தான். "சாட்டிலைட்ல எல்லாம் தெரியும் சார்" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பக்திகூடத் தட்டுப்படும். வழி காட்டும் ஜிபிஎஸ் கோளுக்கு நம் கார் எதுவென்று தெரியாது; நாம் ஒருவர் இருப்பதே தெரியாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தான் எந்தக் கோள், இப்போது மணி என்ன, தான் எங்கே இருக்கிறது என்பதை ஓயாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கும். கேட்பது மட்டும்தான் நம் கருவியின் வேலை. ஒவ்வொரு கோளின் ஒலிபரப்பும் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் போட்டு, தான் நிற்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இடத்துக்கு மூன்று கோள்கள் போதும். நான்காவது, கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிசகைத் திருத்துவதற்கு. வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட முந்நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும். இத்தனையும் நடந்து முடிந்தபிறகும் நாம் எங்கே இருக்கிறோம் என்பது நம் கருவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

பழைய கார் ஒன்று வாங்கி, அதில் நிரந்தரமாகப் பொருத்த இப்படி ஒரு கருவியைத் தேட ஆரம்பித்தபோது, கைபேசி எதற்கு இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முக்கால்வாசிப் பேருக்குக் கைபேசியே போதும். எனக்குப் போதாமல் போனதற்குக் காரணம் வெயிலும் சிறுமலையும். சித்திரை மாதத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே தாங்கியில் மாட்டிய கைபேசி, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் கொதித்து, திரை மங்கி, படுத்துவிடும். சிறுமலைக்கு நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து ஏறினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். கோள்களைக் கேட்க டவர் வேண்டாம். ஆனால் வரைபடத்துக்கும், கோள்களைச் சட்டென்று அடையாளம் பிடிப்பதற்கும் கைபேசி டவரைத்தான் நம்பியிருக்கிறது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, இடம் சொல்லும் பொறுப்பைத் தனிக் கருவியிடம் விட்டுவிட்டால், கைபேசி வெயில் படாத மூலையில் இருந்தபடி படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே ப்ளூடூத்.

பழனி ரோட்டுப் பக்கம் ஒரு கார் டெக்கர்ஸ் கடை. சீட் கவர், ஹாரன், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ எல்லாம் தொங்கும்.

"ஜிபிஎஸ் ஒண்ணு வேணும்ப்பா."

"எத்தன வண்டிண்ணே?"

"ஒரு வண்டிதான்."

"யாரு ஓட்டுறா?"

"நான்தான்."

"நீங்களே ஓட்டுறீங்கன்னா எதுக்குண்ணே ஜிபிஎஸ்ஸு?"

அந்தப் பையன் கேலி செய்யவில்லை. அவன் கடைக்கு வருகிறவர்கள் லாரி முதலாளிகள், டிராவல்ஸ்காரர்கள். அவர்கள் வாங்குவது டிராக்கர். விரல் நீளத்துக் கறுப்புப் பெட்டி, உள்ளே ஒரு சிம், வெளியே நாலு வயர், முதலாளியின் கைபேசியில் ஒரு செயலி. வேண்டுமானால் இன்ஜினைத் தூரத்திலிருந்தே அணைக்க ஒரு ரிலேயும் சேர்த்துத் தருகிறார்கள். இதிலும் கோளைக் கேட்கும் காது இருக்கிறது, கூடவே வாயும் இருக்கிறது. அடுத்தவன் ஓட்டும் வண்டிக்குத்தான் அது தேவை என்பதில் கடைக்காரனுக்குச் சந்தேகமே இல்லை.

ஜிபிஎஸ் கருவியை நாகப்பட்டினம், வேதாரண்யம் மீனவர்கள் பார்க்கும் பார்வை வேறு. நடுக்கடலில் கொள்ளை போனது என்று வரும் செய்திகளில் வலையோடு ஜிபிஎஸ் கருவியும் தவறாமல் இருக்கும். கோடு போட்டுக் காட்டாத கடலில் எல்லை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வாங்குகிறார்கள். சமவெளியில் நாம் அடுத்தவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வாங்குகிறோம்.

கருவியைத் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். எந்த நாட்டுக் கோள்களையெல்லாம் கேட்கும் என்பதை அட்டைப்பெட்டியில் முதலில் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் அமெரிக்கப் படைக்காக உருவானது. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி, வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பொதுமக்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. அப்படியும் 2000 மே மாதம்வரை வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் கொடுத்தார்கள்; நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டும். ஒருவர் தயவில் மட்டும் இருக்க வேண்டாம் என்றுதான் ரஷ்யாவுக்குக் குளோனாஸ், ஐரோப்பாவுக்குக் கலிலியோ, நமக்கு நாவிக். நாவிக்கின் முதல் கோள் 2013 ஜூலை 1-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. பிறகு வெளிநாட்டில் வாங்கிப் பொருத்திய அணுக் கடிகாரங்கள் சில கோள்களில் பழுதாகித் தொல்லை கொடுத்தன. 2023 மே 29-இல் போன என்விஎஸ்-01 கோளில்தான் உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரம் முதன்முதலாக இடம்பிடித்தது. இவை எல்லாவற்றையும் கலந்து கேட்கிற கருவியாக வாங்குவது நல்லது. ஒரு பக்கம் பாறைச் சுவர் வானத்தை மறைக்கிற மலைப்பாதையில், கூடுதலாகக் காதில் விழும் இரண்டு கோள்கள்தான் காப்பாற்றும்.

அடுத்து பேட்டரி. 'வயர்லெஸ்' என்று பெரிதாக அச்சடித்திருந்தாலும் காரிலேயே கிடக்கப்போகிற பொருளுக்கு உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதை நான் விரும்பவில்லை. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெடும். கண்ணாடி ஏற்றிய காரை மே மாத மதியத்தில் பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தினால் டேஷ்போர்டின் மேல் அந்தச் சூட்டைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. ஆகவே தகவல் போக வயர் இல்லாமலும், மின்சாரத்துக்கு வண்டி வயரோடும் இருக்கிற வகை. ஆன்டெனா தீப்பெட்டி அளவுக் கறுப்புக் கட்டி, அடியில் காந்தம். பொருத்துகிறவர்கள் அவசரத்தில் அதை ஸ்டீரியோவின் இரும்புக் கூட்டுக்குப் பின்னால் திணித்துவிட்டு, மேல்மூடியை மாட்டிவிடுவார்கள். பிளாஸ்டிக்கைத் தாண்டி சிக்னல் வரும், இரும்பைத் தாண்டி வராது. உலோகம் கலந்த சன் ஃபிலிமும் அப்படித்தான். முன்கண்ணாடியை ஒட்டி, டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக் கீழே, வானத்தைப் பார்த்தபடி வைக்கச் சொல்ல வேண்டும். கூடவே நின்று பார்க்கவும் வேண்டும்.

நின்று பார்த்ததால்தான் அதைக் கண்டேன். எலக்ட்ரீசியன் ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த பேனலைக் கழற்றி, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி கையை உள்ளே விட்டவர், "அண்ணே, ஏற்கனவே ஒண்ணு கெடக்கே" என்றார். வயர் கட்டோடு கட்டாக இன்சுலேஷன் டேப் சுற்றிய கறுப்புப் பெட்டி. சிவப்பு வயர் பேட்டரிக்கு நேராகப் போயிருந்தது. டேப்பின் இடுக்கில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஃபைனான்ஸ்ல போட்டிருப்பாங்க. இல்லைன்னா பழைய ஓனரு. சாட்டிலைட்டு கெடச்சிருச்சுன்னா பச்ச எரியும்ணே. சிம்மு உசுரோட இருக்கான்னு இத வச்சுச் சொல்ல முடியாது."

விற்றவருக்குப் போன் போட்டேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாது என்றுதான் எனக்கும் பட்டது.

அன்று இரவு, கார் வாங்கியதிலிருந்து எங்கெங்கே போனேன் என்று மனசு தானாக ஓட்டிப் பார்த்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை, கல்யாண வீடு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட். ஒரே ஒரு இடம் தவிர. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுத் தெருமுனையில் ஒரு சாயங்காலம் வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பி வந்துவிட்டேன். ஏன் போனேன், ஏன் இறங்கவில்லை என்று என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல என்னிடம் பதிலும் இல்லை. அந்தப் பெட்டியின் கணக்கில் அது இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை இன்ன இடத்தில் நின்றது என்று ஒரு வரி. யாராவது பார்த்தார்களா இல்லையா என்பதைவிட, பார்த்திருந்தால் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதுதான் என்னை உறுத்தியது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் டிரைவர்களுக்கு இது தினப்படி. "அங்க ஏன்டா இருபது நிமிஷம் நின்ன?" என்று போன் வரும். ஒன்றுக்குப் போயிருப்பார், டீ குடித்திருப்பார், கண் சொக்கியிருக்கும். புள்ளி நின்றது தெரிகிற முதலாளிக்கு டிரைவரின் கண் சொக்கியது தெரிவதில்லை. தைப்பூச சமயத்தில் திண்டுக்கல்–பழனி ரோடு பாதயாத்திரைக்காரர்களால் நிறைந்து கிடக்கும். திரையில் பார்த்தால் வண்டி காரணமில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இதற்காக டிராக்கரே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. அதையடுத்துத்தான், 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி வந்தது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு. அடுத்தவர் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர் எங்கே போகிறார் என்று சொல்லத்தான் வேண்டும். தன்னையே ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தக் கடமை உண்டா என்பதுதான் கேள்வி. 2024 ஜூலை 8-இல் உச்ச நீதிமன்றம் இதை ஒட்டி ஒரு தீர்ப்புச் சொன்னது. போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் பெற்ற ஃபிராங்க் விட்டஸ் என்ற நைஜீரியர், தான் இருக்கும் இடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் மேப்பில் குறித்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தார்கள். அது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று நிபந்தனையை நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அப்படி என்றால், ரத்தம் கொடுக்கவும் கல்யாணத்துக்கும் போய்வருகிற நான் எதற்காக வலியப் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்?

எதற்காக என்று மகள் சொன்னாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். "சிறுமலையில ஒத்தையா போயி நெஞ்சு வலிச்சா யாருப்பா பாக்குறது? டிராக்கர் இருந்தா நானும் எங்க இருக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்க வேணாம்ல." முதல் பாதிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. இரண்டாவது பாதிதான் இடித்தது. அவள் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வேண்டாம். "எங்கப்பா இருக்கீங்க?" என்று தொடங்கும் போன்களில்தான் அவள் சாப்பிட்டதும், அவள் மேலாளரின் குணமும், ஹாஸ்டல் தண்ணீர்ப் பிரச்சினையும் எனக்குத் தெரியவருகின்றன. இடம் ஏற்கனவே தெரிந்துவிட்டால் அவள் எதைச் சாக்காக வைத்துப் போன் செய்வாள்?

பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மலை ஏறும் நாளில் மட்டும் வாட்ஸ்அப்பில் இடத்தைப் பகிர்கிறேன். டவர் விட்டுவிட்டு வந்தாலும் கடைசியாக எங்கே இருந்தேன் என்பதாவது தெரியும். எட்டு மணி நேரம் என்று போட்டால் எட்டு மணி நேரத்தில் அதுவே நின்றுவிடும். திறந்தது நான், மூடும் நேரமும் முன்கூட்டியே தெரியும். திண்டுக்கல்காரனுக்கு இது பழகிய விஷயம்தான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டில் நாம் மதிப்பதும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதில் குழப்பம் இல்லாத அந்த ஒன்றைத்தானே. மகள் இதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தீபாவளிக்கு மறுபடி பேசுவாள்.

கறுப்புப் பெட்டியை எலக்ட்ரீசியன் உதிரிக்கு எடுத்துக்கொண்டார். புதுக் கருவிக்கு மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதா, சாவி போட்டால் மட்டும் வருகிற லைனிலிருந்து எடுப்பதா என்று கடைசியாக ஒரு விவாதம். நேராக எடுத்தால் இரவெல்லாம் விழித்திருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் டக்கென்று இடம் சொல்லும் என்று அவர் கட்சி. கோள் தன் பாதைக் குறிப்பை முப்பது வினாடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. பழைய குறிப்பு சில மணி நேரத்துக்குத்தான் செல்லும். சாவி லைனில் கொடுத்தால் காலையில் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். சாவி லைனிலேயே கொடுக்கச் சொன்னேன். வண்டி அணைந்தால் அதுவும் அணையட்டும். சீட் பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் திருத்தி, பின்னால் பால்காரர் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பதற்குள் பிடித்துவிடுகிறது.