நல்லாசிரியர் இலக்கணம்: நிலமும் மலையும் நிறைகோலும் மலரும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்பது முன்னோர் வகுத்த வரிசை. தெய்வத்துக்கு முன்னே குருவை வைத்தது தெய்வத்தைத் தாழ்த்துவதற்காக அன்று. தாய் குழந்தைக்குத் தந்தையைக் காட்டுகிறாள். தந்தை ஆசிரியரிடம் அழைத்துச் செல்கிறார். ஆசிரியர் இறைவனைக் காட்டுகிறார். காட்டுவார் இல்லாவிடில் கண்முன் நிற்கும் பொருளும் தெரியாது. ஆகவேதான் கல்வியைத் தொடங்கும் விஜயதசமி நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத்தை எழுதுவிக்கும் கையைச் சைவ உலகம் தெய்வத்தின் கையாகவே போற்றி வருகின்றது.

ஆனால் கற்பிக்கும் எல்லோரும் குருவாகிவிடுவதில்லை. நல்ல ஆசிரியருக்கு இருக்கவேண்டிய குணங்கள் எவை? இதனை அறிந்துகொள்வது ஆசிரியத் தொழில் செய்வோருக்கு மட்டுமல்ல, பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்கும் பெற்றோருக்கும், ஆன்மீக வழிகாட்டியைத் தேடும் அடியார்களுக்கும் அவசியமாகும்.

ஆதிகுரு

சிவாலயங்களில் கருவறையின் தெற்குப் புறச் சுவரில் தட்சிணாமூர்த்தி எழுந்தருளியிருப்பதைக் காணலாம். வியாழக்கிழமைகளில் கொண்டைக்கடலை மாலை சாத்தி விளக்கேற்றுவோர் பலர், கிரகமாகிய வியாழ பகவானும் தட்சிணாமூர்த்தியும் ஒருவரே என்று எண்ணுவர். அது சரியன்று. வியாழன் நவக்கிரகங்களுள் ஒருவர்; தேவர்களின் குரு. தட்சிணாமூர்த்தியோ சிவபெருமானே குருவாக அமர்ந்த திருக்கோலம்.

சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் நால்வரும் வேதங்களைக் கற்றுத் துறைபோனவர்கள். ஆயினும் மனம் அடங்கவில்லை. கல்லால மரத்தின் கீழ் வந்தமர்ந்த அவர்களுக்குப் பெருமான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சின்முத்திரை காட்டி மௌனமாக இருந்தார். சுட்டுவிரல் ஆன்மா. அது ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று விரல்களையும் விட்டு விலகி, இறைவனாகிய பெருவிரலின் அடியைச் சேர்கின்றது. அந்த ஒரு கைக்குறியில் சைவ சித்தாந்தம் முழுவதும் அடங்கிவிட்டது. ஆசிரியர் சொல்லும் பாடத்தைவிட அவர் இருக்கும் நிலையே பெரிய பாடம் என்பது இத்திருக்கோலம் உணர்த்தும் உண்மையாகும்.

நன்னூல் காட்டும் நான்கு உவமைகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். ஆயினும் எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், கற்பிப்பவர் எப்படி இருக்கவேண்டும் என்பதை அது பாயிரத்தில் விரித்துக் கூறுகின்றது. பவணந்தியார் சமண முனிவர். அவருடைய நூலுக்கு யாழ்ப்பாணத்து நல்லூரிலே தோன்றிய சைவப் பெரியார் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதினார். நல்லது எங்கிருந்தாலும் ஏற்கும் உள்ளமே கற்றோர் உள்ளம் என்பதற்கு இதுவே சான்று.

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையும் நன்னூல் உவமையாகக் காட்டுகின்றது. மலையகத்தில் வாழ்வோருக்கு இவை ஏட்டில் மட்டும் கண்ட பொருள்களல்ல. நாள்தோறும் கண்ணுக்கும் கைக்கும் பழகியவை.

முதலாவது நிலம். நிலத்தின் பெருமை அளந்தறிய முடியாதது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அசையாதது. கொத்தினாலும் வெட்டினாலும் பொறுப்பது. உழவன் பருவமறிந்து எவ்வளவு பாடுபடுகின்றானோ அவ்வளவுக்குப் பலன் தருவது. பிள்ளைகள் ஒரே வேகத்தில் கற்பதில்லை. ஒரு முறை சொன்னால் விளங்கிக்கொள்ளும் பிள்ளையும் உண்டு, பத்து முறை சொன்னாலும் விழிக்கும் பிள்ளையும் உண்டு. பத்தாவது முறையும் முதல் முறை போலவே முகங்கோணாமல் சொல்பவரிடம் நிலத்தின் பொறை இருக்கின்றது.

இரண்டாவது மலை. மலையின் வளம் அளவிட முடியாதது. தொலைவில் இருப்பவருக்கும் தெரிவது. மழை பொய்த்த காலத்திலும் தன்னிடத்துள்ளதைக் கொடுப்பது. திகன, தெல்தெனிய பகுதிகளில் நின்று பார்ப்போருக்கு நக்கிள்ஸ் மலைத்தொடர் இந்த உவமையை விளக்கிக்கொண்டே நிற்கின்றது. வறட்சிக் காலத்திலும் மலையின் ஊற்று கீழே உள்ள வயலை நினைத்துக் கசிகின்றது. தான் கற்றதைத் தேக்கி வைத்துக்கொள்ளாமல், கேட்பவர் ஏழையாயினும் செல்வராயினும் கொடுத்துக்கொண்டே இருப்பவர் மலை போன்ற ஆசிரியர்.

மூன்றாவது நிறைகோல், அதாவது தராசு. இதன் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. காலை முதல் மழையிலும் வெயிலிலும் பறித்த கொழுந்து தராசில் ஏறும்போது, முள் ஒரு பக்கம் சற்றே சாய்ந்தாலும் ஓர் ஏழைத் தாயின் உழைப்புக் குறைந்துபோகும். ஆசிரியரின் தராசும் அவ்வாறே. தெரிந்தவரின் பிள்ளை, வசதியுள்ளவரின் பிள்ளை, பின்வாங்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளை என்று முள் சாயுமானால், அங்கே குறைந்துபோவது ஒரு நாட்கூலி அன்று; ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கை.

நான்காவது மலர். எந்த மங்கல காரியத்துக்கும் மலர் வேண்டும். எல்லோரும் விரும்பித் தலைமேற் சூடுவர். அது மென்மையானது. உரிய பொழுதில் மலர்வது. ஆசிரியரைக் கண்டால் பிள்ளைக்கு மனம் மலரவேண்டும். வயிறு கலங்கக் கூடாது. பூவை அதட்டி மலரச் செய்தவர் எவருமில்லை. பிள்ளையின் அறிவும் அத்தகையதே.

ஆகாத ஆசிரியர் நால்வர்

ஆகாத ஆசிரியரையும் நன்னூல் நான்கு உவமைகளாற் காட்டுகின்றது. கழற்காயை இட்ட குடம் முதலாவது. உள்ளே இட்ட ஒழுங்கில் காய்கள் வெளியே வருவதில்லை. கற்ற முறை ஒன்று, சொல்லும் முறை வேறொன்று என்று குழப்புபவர் அத்தகையவர். மடல் நிறைந்த பனை இரண்டாவது. பழம் தானாக விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது. தாமாக நினைத்தபோது சொல்வாரேயன்றி, கேட்டால் சொல்லாதவர் அவர். பஞ்சை அடைத்த குண்டிகை மூன்றாவது. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. கற்பதற்கும் வருந்தி, கற்பிப்பதற்கும் வருந்துபவர் அவர். முடத்தெங்கு நான்காவது. நீர் வார்த்து வளர்ப்பவர் ஒருவர். வளைந்துபோய் வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் காய்களைப் போடும். தம்மைப் பேணுகின்றவரை விட்டு வேறு யாருக்கோ பயன்படுபவர் அவர்.

முடத்தெங்கின் உவமை சிந்திக்கத்தக்கது. பாடசாலை வகுப்பிலே உறங்கிவிட்டு மாலை வகுப்பிலே விழித்துக்கொள்ளும் கல்வி எங்கேனும் இருக்குமானால், அது வேலிக்கு அப்பால் காய்க்கும் தெங்கேயாகும். மாலை வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை அந்தத் தெங்கின் நிழலில் காத்திருந்து வெறுங்கையுடன் போகும்.

இருவர் வாழ்ந்து காட்டிய வழி

இலக்கணம் வேறு, வாழ்க்கை வேறு என்று எண்ணவேண்டியதில்லை. இலங்கைச் சைவ உலகம் அந்த இலக்கணத்துக்கு இலக்கியமாக வாழ்ந்த ஆசிரியர்களைக் கண்டிருக்கின்றது.

ஆறுமுக நாவலர் 1822ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்தார். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1848ஆம் ஆண்டில் அந்த உத்தியோகத்தை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இல்லறத்தில் புகவில்லை. தம்மையே பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார். புராணங்களுக்கும் இலக்கணங்களுக்கும் உரை காணவல்ல பேரறிஞர், சிறு பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதினார் என்பதே அவர் பெருமைகளுள் எல்லாம் பெருமை. மலை, குனிந்து ஊற்றாகி வயலுக்கு வருவது போன்றது அது. பஞ்சம் வந்த காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றவும் அவர் முன்னின்றார். பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மற்றவர் சுவாமி விபுலானந்தர். 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்த மயில்வாகனம், விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்றவர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், கல்லூரி அதிபர். உயர்ந்த பதவிகள் அவருக்குக் காத்திருந்தன. அவர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924ஆம் ஆண்டு துறவறம் பூண்டார். துறவியானதும் மலைக்குகையைத் தேடிப் போய்விடவில்லை. மட்டக்களப்பிலே பாடசாலைகளைக் கட்டினார். 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பல்கலைக்கழகத்திலே உயர்கல்வி மாணவருக்குப் பாடஞ் சொன்ன அதே பேராசிரியர், அருகிலுள்ள திருவேட்களத்துக்குச் சென்று, தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். நிறைகோலின் முள் அங்கே நேராக நின்றது. 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு பேராதனைக்கு வந்தபோது அதைக் காண அவர் உடலோடு இல்லை. 1947ஆம் ஆண்டு யாழ்நூலை அரங்கேற்றிய சில வாரங்களில் இறைவனடி சேர்ந்துவிட்டார். எனினும் மகாவலிக் கரையில் இன்று தமிழ் கற்கும் பிள்ளைகள் நடப்பது அவர் தொடக்கிவைத்த வழியிலேயேயாகும்.

ஆசிரியரின் உயர்ந்த குணம்

இந்த நான்கு குணங்களுக்கும் வேராக இருக்கும் குணம் ஒன்றுண்டு. அதனைச் சைவ சித்தாந்த வரலாறு அழகாகக் காட்டுகின்றது.

திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் இளம்பிள்ளையாக இருந்தபோதே மாணவர்களுக்குச் சிவஞானபோதப் பொருளை உபதேசித்தார். அவருடைய குடும்பத்தின் குலகுரு சகலாகம பண்டிதர். ஆகமங்களிலெல்லாம் வல்லவர், வயதிலும் மூத்தவர். தம்முடைய மாணவர்களே அந்தப் பிள்ளையிடம் பாடங்கேட்கப் போவதை அறிந்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. அங்கே சென்று நின்றார். அப்போது ஆணவ மலத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் வடிவம் யாது என்று பண்டிதர் வினவினார். மெய்கண்டார் விடை சொல்லவில்லை. அவரை அடிமுதல் முடிவரை ஒரு முறை பார்த்தார். நின்ற வடிவமே விடையாயிற்று. பண்டிதர் அக்கணமே திருவடியில் வீழ்ந்தார். அவரே அருணந்தி சிவாசாரியார். பின்னர் அவர் தந்த நூல் சிவஞான சித்தியார்.

இந்தக் கதையில் மெய்கண்டாரின் ஞானத்தை எல்லோரும் வியப்பர். அருணந்தியாரின் துணிவை வியப்போர் குறைவு. ஊர் வணங்கும் குலகுரு, தம் மாணவர்கள் பார்த்திருக்க, ஒரு பிள்ளையின் முன் மாணவனாகிவிட்டார். அவர் சினந்து திரும்பிப் போயிருந்தால், வெறும் பண்டிதராக வாழ்ந்து மறைந்திருப்பார். மாணவனாகும் பக்குவம் இருந்தபடியால், சந்தானாசாரியர் வரிசையிலே மெய்கண்டாருக்கு அடுத்த ஆசனம் அவருக்குக் கிடைத்தது. கற்பதை நிறுத்தாதவரே கற்பிக்கத் தகுந்தவர்.

சுவாமிமலையிலே சிவபெருமானே இதனைச் செய்து காட்டினார். பிரணவப் பொருளைக் கேட்பதற்காக, பெற்ற பிள்ளையாகிய முருகனின் முன் கைகட்டி வாய்பொத்தி நின்றார். ஆதிகுருவே மாணவராகி நின்றபோது, இரண்டு எழுத்து அறிந்த மனிதர் எதற்காகத் தலைநிமிரவேண்டும்?

பொய்க்குருவை அறிதல்

ஆன்மீக வழிகாட்டியைத் தேடுவோருக்கும் இதுவே அளவுகோல். குருட்டினை நீக்காத குருவைக் கொண்டவர்களின் நிலை, குருடர்கள் சேர்ந்து ஆடிப் பள்ளத்தில் விழுவது போன்றது எனத் திருமூலர் எச்சரித்தார். நல்லூர்த் தேரடியில் கந்தைத் துணியோடு இருந்த செல்லப்பா சுவாமிகளைப் பித்தரென்று ஊரார் ஒதுக்கினர். யோகர் சுவாமிகளோ அவரிடத்தே குருவைக் கண்டார். ஆகவே காவியும் மாலையும் கூட்டமும் குருவுக்கு அடையாளம் ஆகமாட்டா. தம்மையே சுற்றிவரச் செய்பவர் குரு அல்லர். இறைவனைக் காட்டிவிட்டுத் தாம் ஒதுங்குபவரே குரு. பயமுறுத்திப் பரிகாரம் சொல்லிப் பணம் கேட்பவரிடம் நிலமும் இல்லை, மலையும் இல்லை, நிறைகோலும் இல்லை, மலரும் இல்லை.

ஊரின் கடமை

மலையகத் தோட்டங்களிலே கல்வி எளிதில் வந்ததல்ல. லயன் அறைகளின் அருகே, ஒரே கொட்டகையில், ஓர் ஆசிரியர் பல வகுப்புகளையும் வைத்துக் கற்பித்த காலம் நெடியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். கூடைபோன்ற வசதிகூட இல்லாத அந்தக் கொட்டகையில், சிலேட்டையும் பெண்சிலையும் வைத்து எழுத்தறிவித்த பெயரறியா ஆசிரியர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று ஆசிரியர்களாகவும் தாதியராகவும் உத்தியோகத்தராகவும் நடமாடுகின்றனர். அந்த ஆசிரியர்களுக்குச் சிலை இல்லை. நடப்பவர்களின் வாழ்க்கையே சிலை.

நல்லாசிரியர் தாமாக முளைத்து வருவதில்லை. நிலம் விளையவேண்டுமானால் உழவன் பாடுபடவேண்டும் என்றே நன்னூலும் கூறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலய மண்டபத்தில் அறநெறி வகுப்பு நடத்துவோர், தம் வீட்டு வேலையை விட்டுவிட்டு வருகின்றனர். அவ்வேளையில் பிள்ளையைத் தொலைக்காட்சிக்கு முன் விட்டுவிட்டு, திருவிழாவன்று மட்டும் முன்வரிசையில் நிற்பதால் பயன் இல்லை. பெற்றோர் செய்யக்கூடியவை சிறியவையே. பிள்ளையை நேரத்துக்கு அனுப்பவேண்டும். பிள்ளையின் முன் ஆசிரியரை இகழக் கூடாது. ஆசிரியர் தவறு செய்தால் தனியே சென்று மரியாதையாக எடுத்துரைக்கவேண்டும். சித்தி பெற்ற பிள்ளைக்கு மாலையிடும் அதே வேளையில், பாடசாலையை விட்டு நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு முறை போய்வரவேண்டும்.

தேர் வீதி வலம் வருவதற்கு வடம் பிடிக்கும் கைகள் எத்தனையோ வேண்டும். ஒரு பிள்ளை ஒளி பெறுவதற்கு ஓர் ஆசிரியரின் கை போதும். அந்தக் கைக்கு வலுவூட்டுவது ஊரின் வழிபாடாகும். கல்லால மரத்தடியில் மௌனமாய் அமர்ந்த ஆதிகுரு, கற்பிப்போருக்கு நிலத்தின் பொறுமையையும் மலையின் கொடையையும் நிறைகோலின் நேர்மையையும் மலரின் மென்மையையும், கற்போருக்குப் பணிவையும் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.