விலகியவளின் கடன்

தோல் ஷூவின் அப்பர் தைப்பதில் பத்து வருடப் பழக்கம் உள்ள எங்கள் தெரு அக்கா ஒருவர், கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு தோழிகளோடு சேர்ந்து சொந்தமாகத் தைக்கப்போவதாகச் சொன்னார். ஆம்பூரில் இது பெரிய செய்தியில்லை. ஆனால் வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரே கேள்விதான் வந்தது: "தொழில் கத்துக்கொடுத்த இடத்தை விட்டுட்டுப் போறியே, நன்றி வேணாமா?" அவருடைய தம்பி டேனரி வேலையை விட்டுச் செருப்புக்கடை போட்டபோது, "முன்னேறப் பார்க்கிறான்" என்றார்கள் அதே மனிதர்கள்.

விலகுவது நன்றிகெட்டதனமா? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் டான்யா டோனலி நினைவுக்கு வருவார்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில், பள்ளி வயதிலேயே அவரும் கிறிஸ்டின் ஹெர்ஷும் 'த்ரோயிங் மியூசஸ்' இசைக்குழுவைத் தொடங்கினார்கள். டோனலியின் அப்பாவும் ஹெர்ஷின் அம்மாவும் மணந்துகொண்டதால் இருவரும் சகோதரிகள். பெரும்பாலான பாடல்களை எழுதியவர் ஹெர்ஷ். ஓர் ஆல்பத்தில் டோனலிக்குக் கிடைத்தது ஒன்றோ இரண்டோ. அவரை யாரும் ஒடுக்கவில்லை. அந்த வீட்டில் இடம் அவ்வளவுதான் இருந்தது. 1991இல் விலகி, 'பெல்லி' என்ற புதிய குழுவைத் தொடங்கினார். 1993இல் வந்த அதன் முதல் ஆல்பம் 'ஸ்டார்' பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

வெற்றி பெற்றதால் விலகியது சரி என்று நான் சொல்லவரவில்லை. தோற்றிருந்தாலும் அது சரிதான். ஆனால் விலகலுக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பாஸ் கிட்டார் வாசித்த ஃபிரெட் அபாங்கும் டோனலியோடு புதிய குழுவுக்கு வந்துவிட்டார். ஹெர்ஷும் டிரம்மர் டேவிட் நார்சிஸோவும் மிஞ்சியதைக் கொண்டு குழுவைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினார்கள், அடுத்த வருடமே ஆல்பமும் வந்தது. நம் விடுதலையின் பாரத்தில் ஒரு பங்கை இன்னொரு பெண் சுமக்க நேரலாம். அதைக் கண்டும் காணாமல் போவதுதான் நன்றிகெட்டதனம். விலகுவது அல்ல.

அப்படியானால் விலகியவள் எதை எடுத்துப் போகலாம்? கைப்பழக்கத்தையும், தனக்குள் சேர்ந்துகிடந்த பாட்டுகளையும். பெயரை விட்டுவிட வேண்டும். டோனலி விட்டார். கதவையும் அறைந்து சாத்தவில்லை: 2003இல் த்ரோயிங் மியூசஸ் மீண்டும் ஆல்பம் வெளியிட்டபோது, போய்ப் பின்குரல் பாடிக்கொடுத்தார்.

நன்றி என்பது நினைவில் வைத்திருப்பது. ஆயுள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பது அல்ல. பெண்களிடம் மட்டும் இரண்டாவதைக் கேட்கிறோம். பிறந்த வீட்டில், புகுந்த வீட்டில், கம்பெனியில், சில நேரம் நம் இயக்கங்களிலும்கூட.

அக்கா கணக்கைத் தீர்த்துக்கொண்ட கடைசி நாளன்று, தன் மெஷினுக்கு வரவிருந்த பெண்ணுக்கு மடிப்புத் தையலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். அவருடைய கடன் அதோடு தீர்ந்தது என்றே நினைக்கிறேன்.