வினைப் பயனும் மழை நீரும்

வினையை விதைத்தவனே அதன் விளைவை அறுக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான நம்பிக்கை. சைவரும் வைணவரும் சமணரும் பௌத்தரும் ஆன்மாவைப் பற்றியும் ஈசுவரனைப் பற்றியும் எவ்வளவோ முரண்பட்டாலும், ஒருவன் செய்த கர்மம் அவனை விடாது தொடர்ந்து பற்றும் என்பதில் ஏறக்குறைய ஒன்றுபட்டு நிற்கிறார்கள். இந்த நம்பிக்கை எண்ணற்ற மக்களைத் தீச்செயலினின்றும் விலக்கிக் காத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இங்கிலாந்தின் புகை நார்வே நாட்டு ஏரிகளில் அமிலமாய் இறங்கிய வரலாற்றைப் படிக்கும்போது, பலனைக் கர்த்தாவிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பைப் பிரபஞ்ச நியதியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாய் இருப்பது தகுமா என்ற கேள்வி எழாமற் போகாது.

மழை நீர் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதால், மாசற்ற வானத்தினின்று விழும் துளியின் பி.எச். அளவும் நடுநிலையான 7-இல் நில்லாது 5.6-ஐ ஒட்டியே இருக்கும். அந்த மெல்லிய அமிலமே யுகயுகமாய்ப் பாறைகளைக் கரைத்து, அவற்றின் சுண்ணச் சத்தை ஆறுகளின் வழியே கடலில் சேர்த்து, சிப்பிகளும் பவளப் பூச்சிகளும் தமக்கு ஓடும் கூடும் அமைத்துக்கொள்ள உதவி வந்திருக்கிறது. கந்தகமும் எரிமலையின் வாயினின்றும் கடலின் நுண்ணுயிர்கள் விடும் ஆவியினின்றும் எழுந்து, மேகத்தில் கலந்து, மழையோடு மண்ணில் இறங்கி, பயிரில் ஏறி, நம் தசையிலும் மயிரிலும் புரதமாய் நின்று, மீண்டும் மண்ணுக்கும் கடலுக்கும் திரும்புகிறது. ஆகவே அமிலத்தைப் பாவமென்று சொல்ல இடமில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலக்கரியோடு பூமிக்குள் அடங்கிக் கிடந்த கந்தகத்தை, ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் தோண்டி எரித்து வானில் ஏற்றிய வேகமும் அளவுமே குற்றம்.

மான்செஸ்டர் வட்டாரத்து மழையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ரசாயன அறிஞர், நிலக்கரிப் புகைக்கும் மழையின் அமிலத்துக்கும் உள்ள சம்பந்தத்தை 1852-இலேயே எழுதினார். 1872-இல் வெளியிட்ட நூலில் அதை அமில மழை என்றே வழங்கினார். 1952 டிசம்பரில் லண்டன் மாநகரைப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நகர வீதிகளில் புகை குறைந்தது. மின் நிலையங்களிலோ வானளாவிய புகைபோக்கிகள் எழுந்தன. அருகிலுள்ளோரின் மூச்சைக் காக்க எழுந்த அந்த உயரமே கந்தகத்தை மேற்காற்றில் ஏற்றி வடகடலுக்கு அப்பால் அனுப்பிற்று; கண்டத்து நாடுகளின் ஆலைப் புகையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வான்டே ஓடென் 1967-இல் இவ்வுண்மையை உலகறியச் செய்தார்.

தென் நார்வேயின் நிலம் பெரும்பாலும் கருங்கற்பாறை. அதன்மேல் படிந்த மண்ணோ மெல்லியது. அமிலத்தைத் தணிக்கும் சுண்ணச் சத்து அங்கே மிகக் குறைவு. குளிர்காலமெல்லாம் பனியில் தங்கிய அமிலம், வசந்தத்தில் உருகத் தொடங்கும் முதல் நீரில் செறிந்து, மீன்குஞ்சுகள் பொரிந்து வெளிவரும் பருவத்திலேயே ஆறுகளில் பாய்ந்தது. மண்ணினின்று அது பிரித்துவிட்ட அலுமினியம் மீன்களின் செவுள்களைத் தாக்கி மூச்சை அடைத்தது. ஆயிரக்கணக்கான ஏரிகளில் டிரவுட் மீன் அற்றுப்போயிற்று. தென்கோடி ஆறுகள் சிலவற்றில் சால்மன் இனமே அழிந்தது. உயிர் ஒழிந்த ஏரிகளின் நீர் முன்னிலும் தெளிந்து, காண்போர் புனிதமென்று மயங்கும்படி நின்றது. சஞ்சிதமாய்ச் சேர்ந்த வினை பிராரப்தமாய்ப் பலிப்பதற்கு இதைக் காட்டிலும் பொருத்தமான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. ஆனால் இங்கே சேர்த்தவர் ஒருவர். அனுபவித்தது வேறோர் உயிர்.

அம்மீன்களும் முற்பிறவியில் ஏதோ வினை செய்திருக்கும் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், துன்பத்தை விளைவித்த கையின் குற்றம் அதனால் அணுவளவும் குறையாது. தன்னை நோக்கித் திருப்பிக்கொள்ளும்போது ஒழுக்கத்தை வளர்க்கும் கர்மக் கொள்கை, பிறர் துன்பத்துக்கு விளக்கமாகப் பயன்படும்போது கல்நெஞ்சுக்குத் துணை போகிறது. பிரபஞ்ச நியதியின் கணக்கில் ஓர் அணுவும் தவறுவதில்லை. மேலே சென்ற கந்தகம் முழுவதும் கீழே இறங்கியே தீரும். எனினும் அந்தக் கணக்கேட்டில் பெயர்கள் எழுதப்படுவதில்லை. இன்னார் செயலால் இன்னார் நொந்தார் என்று எழுதுவது மனிதரின் மனச்சாட்சியும் அதற்குத் துணையான சட்டமுமே ஆகும்.

அந்தப் பெயரை எழுதுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. பிராயச்சித்தம் குற்றம் செய்தவனுக்கே உரியது என்பது மரபு. ஆனால் தம் நீர்நிலைகளில் சுண்ணாம்புப் பொடியைத் தூவி அமிலத்தைத் தணிக்கும் பணியை ஸ்வீடனும் நார்வேயும் தாமே மேற்கொள்ள நேர்ந்தது. 1979-இல் ஜெனீவாவில் எல்லை கடந்த காற்று மாசு பற்றிய உடன்படிக்கை உருவாயிற்று. கந்தகப் புகையை நூற்றுக்கு முப்பது பங்கு குறைக்க 1985-இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் இசைந்தபோது பிரிட்டன் சேரவில்லை. 1994-இல் ஆஸ்லோவில் உருவான அடுத்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட்டது. புகை குறைய நீரின் அமிலமும் மெல்லத் தணிந்தது. 1997 முதல் சுண்ணாம்பு இடப்பட்ட நார்வேயின் மண்டால் ஆற்றில் சால்மன் மீண்டும் பெருகியது. செய்தவர் தம் செயலை ஒப்புக்கொண்டதும் இயற்கை தன் பங்கைச் செய்யத் தயங்கவில்லை.

இன்று அதே கேள்வி கடலளவு விரிந்திருக்கிறது. நாம் எரித்து வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைச் சமுத்திரம் ஏற்றுக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2-ஆக இருந்த அதன் மேல்நீரின் பி.எச். அளவு 8.1-க்கு இறங்கிவிட்டது. சிறிதாய்த் தோன்றும் இவ்வேறுபாடு, அமிலச் செறிவு நூற்றுக்குச் சுமார் முப்பது பங்கு மிகுந்ததைக் குறிக்கிறது. மழை பாறைகளைக் கரைத்து இதையும் ஒருநாள் சமன்செய்யும். ஆனால் அதற்கு வேண்டிய காலம் பல்லாயிரம், லட்சம் ஆண்டுகள். நார்வேயாவது நாடுகளின் சபையில் எழுந்து நியாயம் கேட்டது. ஓடு கட்ட முடியாத சிப்பிக்கும், இனிப் பிறக்கவிருக்கும் மனிதனுக்கும் அந்தச் சபையில் ஆசனம் இல்லை. கர்மம் நம்மைத் தேடி வரும் என்ற அச்சம் இவர்களைக் காக்கப் போதாது, ஏனெனில் அது வரும்போது நாம் இருக்கமாட்டோம். தன் செயலின் பலன் எங்கே, எவர்மேல் விழுகிறதென்று தானே தேடிச் சென்று கண்டு, கேட்பாரில்லாத இடத்திலும் அதைத் தன்னுடையதென்று ஏற்பதே கர்ம நம்பிக்கையின் முதிர்ந்த நிலை என்று நான் கருதுகிறேன்.