குழந்தைகளுக்காக யார் பேசுவது?

எங்கள் பகுதிப் பூங்காவின் மூலையில் குழந்தைகள் விளையாட ஓர் இடம் உண்டு. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா. ஒரு ஊஞ்சலில் பலகை போய்ச் சங்கிலி மட்டும் தொங்குகிறது. சறுக்குமரத்தின் அடித்தகடு துருப்பிடித்து ஓரம் பிளந்துவிட்டது. பகுதி சபைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஃபைபர் சாமான்கள் வாங்கலாம் என்றார் ஒருவர். இருப்பதைச் சரிசெய்தாலே போதும் என்றார் மற்றொருவர். "இப்பல்லாம் எந்தப் புள்ளைங்க சார் வருது? எடுத்துட்டு வண்டி நிறுத்த விடுங்க" என்றார் மூன்றாமவர். அவர் சொன்னதுக்குத்தான் தலையாட்டல் அதிகம். கூட்டத்தில் ஒரு குழந்தைகூட இல்லை.

பிள்ளைகள் வருவதில்லை என்பது உண்மைதானா என்று பார்க்க, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிற்க ஆரம்பித்தேன். காலை பத்து மணிக்குக் கதவைப் பூட்டினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். விடுமுறை நாளிலும் அப்படித்தான். மே மாத வெயிலில் அந்தத் தகட்டில் கை வைக்க முடியாது. ஐந்து மணிக்கு மேல் புங்க மர நிழல் விழும் பக்கமெல்லாம் பிள்ளைகள். பலகை இல்லாத ஊஞ்சலின் இரு சங்கிலிக்கும் நடுவே துப்பட்டாவைக் கட்டி, ஒரு சிறுமி தம்பியை உட்காரவைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஊஞ்சலுக்கு வேண்டியது ஒரு பலகையும் இரண்டு கொக்கிகளும்தான். கொக்கி, வளையத்தோடு உரசி உரசித் தேய்கிறது. அவ்வப்போது கிரீஸ் தடவி, தேய்ந்ததை மாற்றினால் ஊஞ்சல் பல வருஷம் ஓடும். ஆனால் கொக்கி மாற்றியதற்குத் திறப்பு விழாவும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. அதனால் சின்னப் பழுதைப் பெரிதாகும்வரை விட்டுவிட்டு, பிறகு மொத்தத்தையும் பெயர்க்கிறோம்.

எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டே ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிளந்த தகடு பிள்ளையின் காலைக் கிழிக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். ஊஞ்சலின் கீழே சிமெண்ட் தளம் இருந்தால் பெயர்த்துவிட்டு மணல் கொட்ட வேண்டும். மாடும் பைக்கும் நுழையாதபடி வாசலில் வளைத்து வைத்த கம்பி, சக்கர நாற்காலியில் வரும் குழந்தையையும் வெளியே நிறுத்துகிறது. அதைத் திருத்தாமல் எத்தனை புதுச் சாமான் வாங்கினாலும் அந்தக் குழந்தைக்கு அதனால் என்ன பயன்?

சாமான் ஒருபுறம் இருக்கட்டும், இடமே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் ஓர் உதாரணம். அங்கே ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1947இல் ஒரு சின்னச் சதுக்கத்தில் மணல் தொட்டி, கற்கள், இரும்புக் கம்பிகள் வைத்து ஒரு திடல் அமைத்தார். மற்றத் தெருக்காரர்களும் தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட திடல்கள் வந்தன. பல திடல்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் காலியாகக் கிடந்த மனைகளில் அமைந்தவை. பின்னாளில் அந்த மனைகளில் கட்டடங்கள் எழுந்தபோது திடல்கள் போயின. இன்று பெரும்பாலானவை இல்லை.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுபவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்படிச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய அளவுக்கு நகரத்தில் நிலம் அரிது. கையில் இருப்பதை வண்டி நிறுத்தக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. தவறான சறுக்குமரத்தை வாங்கிவிட்டால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். போன நிலத்துக்கு அடுத்த முறை என்பதே இல்லை.

ஆகவே ஆபத்தானதை மாற்றுவோம், தேய்ந்ததைச் சரிசெய்வோம், இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தை அந்தப் பூங்காவிலேயே, மாலை ஐந்து மணிக்கு வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதை எடுப்பது, எதை வைப்பது என்று பேசும்போது, அதில் விளையாடுகிறவர்கள் நம் கண்ணெதிரே இருக்கட்டும்.