மலை கிட்ட வரும் காலை

திண்டுக்கல்காரர்களுக்கு மலை எப்போதும் கண்முன்னேதான் இருக்கிறது. தெற்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே நத்தம் போகும் வழியில் கரந்தமலை, ஊருக்குள்ளேயே மொட்டைப் பாறையாக மலைக்கோட்டை. இத்தனை இருந்தும் சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கு மாடி ஏறிப் பார்த்தால் சிறுமலை வெறும் சாம்பல் கோடு. சாலைப் புழுதியும், குப்பை எரிக்கும் புகையும், தரையிலிருந்து கிளம்பும் கானலும் சேர்ந்து மலையை அழித்துவிடுகின்றன. இரவில் ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்தால் மறுநாள் விடியலில் நிலைமையே வேறு. காற்றிலிருந்த தூசியெல்லாம் மண்ணுக்கு இறங்கியிருக்கும். மலை நகர்ந்து ஊர் எல்லைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தக் காலைகளுக்காகக் கேமராவைத் துடைத்து வைத்துக் காத்திருப்பவன் நான். நகருக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "வெறும் மலையவா தம்பி படம் எடுக்குறீங்க?" என்று கேட்டார். ஆமாய்யா என்றேன். "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மழை பேஞ்ச மறுநா வாங்க. மலை கிட்ட வந்துரும். மரத்த எண்ணலாம்."

அவர் சொன்னபடியே மழைக்கு மறுநாள் போனேன். அவர் கம்பை நீட்டி ஒவ்வோர் இடமாகக் காட்டினார். "அந்தா, ரெண்டாவது மடிப்புல கருப்பாத் தெரியுதுல்ல, அது மாசியில தீப்புடிச்ச எடம். அதுக்குக் கீழ ஒரு கோடு மட்டும் பச்சையா இருக்கு பாருங்க, அங்க ஊத்து இருக்கு. எந்தக் கோடையிலயும் காயாது." லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினேன். 200 மில்லிமீட்டரில் அந்தப் பச்சைக்கோடு தனித்தனி மரங்களாகப் பிரிந்தது. கருகிய சரிவில் இலையில்லாத கிளைகள்கூடத் தெரிந்தன. அழகு அவர் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட முடியாது. மலைக்கு என்ன நேர்ந்தது, எது மிஞ்சியிருக்கிறது என்று விசாரிப்பதுதான் அவர் மலையைப் பார்க்கும் முறை. நோய்விட்டு எழுந்த உறவினரை நாமும் அப்படித்தான் பார்க்கிறோம்.

சிறுமலையைத் திண்டுக்கல் பக்கமிருந்து எடுக்கக் கோடைதான் ஏற்ற காலம் என்பதற்கு வானியலும் துணை நிற்கிறது. வைகாசியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. நன்றாக வடக்கே ஒதுங்கி உதிக்கிறது. அதனால் ஊரைப் பார்த்திருக்கும் வடக்குச் சரிவில் இடது பக்கமிருந்து வெயில் சாய்ந்து விழும். மேடும் பள்ளமும், ஓடை அறுத்த வாய்க்கால்களும், மலைப்பாதை வளைந்து ஏறும் இடங்களும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். மார்கழியில் குளிரும் பனியும் சுகமாக இருந்தாலும் சூரியன் தெற்கே போயிருப்பதால் அதே சரிவு இருண்டு கிடக்கும்.

ஆனால் நேரம் மிகக் குறைவு. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1940களின் பிற்பகுதியில் அலாஸ்காவின் வொண்டர் ஏரிக்கரையில் நின்று, பனிமூடிய மெக்கின்லி மலையை ஒரு கோடை விடியலில் எடுத்தார். மலையும் ஏரியும் சேர்ந்த படங்களில் உலகம் அதிகம் அறிந்தவற்றில் அது ஒன்று. அந்த ஏரி 63 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே கோடைச் சூரியன் அடிவானத்தை ஒட்டியே வெகுநேரம் நகரும். சாய்ந்த வெளிச்சம் மணிக்கணக்கில் நிற்கும். நாம் இருப்பது 10 பாகையில். இங்கே 6 மணிக்குச் சற்று முன்னால் எழும் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுகிறது. மணிக்கு 14 பாகை. 8 மணிக்குள் மலையின் மடிப்புகள் தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு தரை சூடாகி, நீண்ட லென்ஸில் பார்த்தால் மலையே நீருக்கடியில் ஆடுவதுபோல் ஆடும்.

கோடையில் ஏரியும் மலையும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் அதற்கும் தேடிப் போக வேண்டும். கண்மாய்கள் பெரும்பாலும் வெடித்துக் கிடக்கும். நடுவில் சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைக்குக் கொடுத்தது. வைகறையையும் விடியலையும் மருதத்துக்குக் கொடுத்தது. இந்தச் சமவெளியில் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். விடியலில் மருதத்தின் ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். உச்சிக்கு முன்னால் அது பாலையாகிவிடும்.

கோடையிலும் தண்ணீர் நிற்கும் இடம் பழனி மலை அடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம். கரையில் நின்று மேற்கே பார்த்தால் காலை வெயில் முதுகில் விழும். எதிரே மலை முழு வெளிச்சத்தில் நிற்கும். காற்று எழும்பாத அரைமணி நேரம் தண்ணீரில் மலையின் தலைகீழ் உருவம் உடையாமல் இருக்கும். திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களில் இது ஒன்று என்பதால் அந்தப் படத்தை நான் வெறும் காட்சியாகப் பார்ப்பதில்லை. தண்ணீர் இறங்க இறங்கக் கரைச்சரிவில் அடுக்கடுக்காகக் கோடுகள் விழுந்திருக்கும். தெளிந்த காலையில் ஒவ்வொரு கோடும் துல்லியமாகத் தெரியும். எங்கள் தெருக் குழாயில் இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்பதும் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்யும் கேள்வி இங்கேதான் பிறந்தது. நமக்குப் பிரியமான ஒன்றைத் தெளிவாகப் பார்க்க விரும்புகிறோமா, மங்கலாகப் பார்க்க விரும்புகிறோமா?

கொடைக்கானல் போகிறவர்கள் மேகம் இறங்கினால் கொண்டாடுகிறார்கள். எனக்கும் மேகம் பிடிக்கும். ஆனால் மூட்டம் எதையும் அழகாக்கிவிடும். குப்பை மேடும் அதில் மர்மமான குன்றாகிவிடும். பார்க்கிறவரிடம் அது எந்த உழைப்பையும் கேட்பதில்லை. தெளிந்த வெளிச்சம் கேட்கிறது. கல்குவாரி அறுத்த வெள்ளைக் காயத்தையும் அது மலையின் பாகமாகவே காட்டுகிறது. இது தெரிந்தும் இந்த மலை உனக்கு வேண்டுமா என்று அது கேட்பதாகவே எனக்குத் தோன்றும்.

இருப்பதைக் கொஞ்சம் மாற்றிக் காட்டும் ஆசை ஒளிப்படத்தோடு கூடவே பிறந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாக உறைக்கும். எனவே வானம் முழுவதும் வெளுத்துப்போகும். நீலம் படர்ந்த தூரத்து மலை வானத்தோடு கரைந்துவிடும். டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் தூரிகையால் மேகம் தீட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கண் பார்த்த மேகத்தைக் காகிதம் பார்க்கவில்லை. கை அதை ஈடுகட்டியது. காணாமல் போனதைத் திருப்பித் தர அவர் தூரிகை எடுத்தார். இருப்பதை மறைக்க இன்று நாம் எடுக்கிறோம். என் அம்மாவின் முகத்தைப் படம் எடுத்தால் போன் கேட்காமலேயே சுருக்கங்களை மழுப்பித் தருகிறது. சுருக்கம் போன அந்த முகத்தில் என் அம்மா இல்லை. அந்த வசதியை முதல் வேலையாக அணைத்து வைத்தேன்.

மேல்பூச்சை விலக்கிப் பார்ப்பதற்கு நம் ஊர்ப்பக்கத்து முன்னோடி ஒருவர் இருக்கிறார். திருச்சிக்கு அருகே பிறந்த சி.வி. ராமன் 1921-ல் நர்குண்டா கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்ற பழைய விளக்கத்தை ஏற்கவில்லை. கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியே பார்த்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அணைத்தார். அப்போதும் நீலம் போகவில்லை. முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது. அந்த நிறம் தண்ணீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று அவர் வாதிட்டார். 1930-ன் நோபல் பரிசுக்குக் கொண்டுபோன பாதை அங்கே தொடங்கியது.

நிலக்காட்சி எடுப்பவர்கள் லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அதே வேலையைத்தான் செய்கிறது. நீர்ப்பரப்புக்கு 37 பாகைச் சாய்வில் பார்த்துக்கொண்டு வளையத்தை மெல்லத் திருப்பினால், மேலே மிதக்கும் வானமும் மலையும் ஒரு கட்டத்தில் மறைந்து தண்ணீர் தன் சொந்த நிறத்தைக் காட்டும். ஆத்தூரில் கரையோரத்துக் கூழாங்கல்லும், அதன் மேல் அசையும் குஞ்சு மீனும் தெரியும். திண்டுக்கல் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய கண்மாய் ஒன்றிலும் இதே வளையத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். திருப்பும் முன் பொன் வெயில், நீல வானம், ஒரு கொக்கு. எந்த நாட்காட்டியிலும் அச்சிடலாம். திருப்பிய பின் தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு. ஓரத்தில் காய்ந்து பொருக்கான நுரை. இரண்டுக்கும் நடுவே கால் வட்டத் திருப்பம்கூட இல்லை.

தோல் கழிவு இந்த வட்டாரத்து நிலத்தடி நீரையும் வயலையும் கெடுத்தது எல்லோரும் அறிந்த கதை. வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டு மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்த தீர்ப்பு அது. அந்தக் கண்மாயை எடுத்த இரண்டு படங்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். முதல் படமும் பொய் இல்லை. கொக்கு அங்கே நின்றது உண்மை, வெயில் அடித்ததும் உண்மை. அதை மட்டும் காட்டி, இதுதான் எங்கள் ஊர்க் கண்மாய் என்று சொல்வதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் அழகாக எடுப்பதையே விட்டுவிட வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. பெரியவர் காட்டிய அந்தப் பச்சைக்கோட்டின் அழகு எனக்குக் கூடியது, அதன் மேலே கருகிய சரிவும் தெரிந்ததால்தான். எந்தக் கோடையிலும் காயாத ஊற்று என்று தெரிந்த பிறகு அது பத்திரமாக இருக்க வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. மனிதர்களிடமும் இப்படித்தான். உடன்பிறந்தவர்களையும் நெடுநாள் நண்பர்களையும் நாம் அரைகுறை வெளிச்சத்தில் நேசித்துப் பழகிவிட்டோம். குறை ஒன்று பளிச்சென்று தெரிந்ததும் ஏமாந்துவிட்டதாகக் குமுறுகிறோம். முன்பே தெளிவாகப் பார்த்து, தெரிந்தே பக்கத்தில் நிற்பவருக்கு அந்த அதிர்ச்சி இல்லை. அவருடைய அன்பு நாள்பட நிற்கிறது.

தெளிந்த காலையை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. பஞ்சங்கள் கண்ட சென்னை மாகாணத்தில், சூரியனைப் படித்தால் பருவமழையின் போக்கு பிடிபடும் என்ற நம்பிக்கை அதற்கொரு காரணம். கடல்மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில், புழுதி எட்டாத காற்றில், வானம் அனுமதிக்கும் ஒவ்வொரு நாளும் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்தார்கள். அதே சூரியன், அதே வட்டம், அன்றன்றைய கரும்புள்ளிகள். பரிசுக்கு அனுப்பும் படங்கள் இல்லை அவை. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். நூறாண்டைத் தாண்டிய அந்தப் படத்தொகுப்பு இன்று கணினியில் ஏறி, சூரியனின் நீண்டகால மாற்றங்களை ஆராய்கிறவர்களுக்குப் பயன்படுகிறது. ஒரே ஒரு படம் அதைச் செய்திருக்காது. விடாமல் எடுத்ததும் தேதி போட்டு வைத்ததும்தான் செய்தன.

நம் கண்மாய்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் குளத்தின் எல்லையை அறிய, தண்ணீர் எந்தப் பனைமரம் வரை நின்றது என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுகிறார்கள்.

இந்தக் கோடையில் உங்கள் ஊரில் மழை பெய்த மறுநாள், 6 மணிக்கு முன்னால் எழுந்து கண்மாய்க்கரைக்குப் போங்கள். கையில் இருக்கும் போனே போதும். அடையாளமான ஒரு மரத்தடியிலோ மதகின் மேலோ நின்று, மலை தெரிந்தால் மலையோடு, தண்ணீர் இருந்தால் தண்ணீரோடு, குப்பை கிடந்தால் அதையும் ஒதுக்காமல் ஒரு படம் எடுங்கள். தேதியையும் நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த கோடையிலும் அதே இடத்துக்குப் போய் எடுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். நமக்குப் பிறகு அந்த இடத்தில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.