இஸ்திரி மேசை

யாரும் பார்க்கப் போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வேலையை ஒருவன் ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியை நான் வேதாந்தப் புத்தகம் எதிலும் சந்திக்கவில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு தையற்கடையில், இஸ்திரி மேசைக்கு முன்னால் சந்தித்தேன்.

என் தமக்கை மகள் அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறாள். முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம். காலஞ்சென்ற என் தாயாரின் சுங்குடிச் சேலைகள் நான்கு என்னிடம் இருந்தன. நைந்த சேலைகள்தாம், ஆனால் துவைத்துத் துவைத்துப் பூவைப்போல் மிருதுவாகியிருந்தன. நல்ல பாகங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, குழந்தைக்கு ஒரு விரிப்புத் தைக்கச் சொல்லலாம் என்று எடுத்துப் போனேன். வங்காளத்தில் பழந்துணி அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். நம்முடைய கந்தையும் அதுவும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்.

கடைக்கார அம்மாள் நாற்பதை நெருங்குகிறவள். 2014-இல் உற்பத்தியை நிறுத்திய ஸ்ரீபெரும்புதூர்ச் செல்போன் ஆலையில் வேலை பார்த்தவள். அதற்குப் பிறகுதான் இந்தத் தையல். சின்னக் கடை. பாதி இடத்தை மேசையே அடைத்துக்கொண்டிருந்தது.

“இவ்வளவு பெரிசு எதற்கம்மா? கால் மடக்குகிற பலகை கடையில் விற்கிறதே?” என்றேன்.

“அது ஒரு பக்கம் குறுகிப்போயிருக்கும் ஸார். சட்டைக்குச் சரி. விரிப்பு வச்சா பாதி கீழே தொங்கும், தொங்குற பாரத்துல துணி இழுபடும்” என்றாள்.

அந்த மேசையை அவளே உண்டாக்கியிருந்தாள். முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை. அதன்மேல் இரண்டாய் மடித்த கம்பளி. அதற்கும் மேலே காடாத் துணி. உயரம் அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே. மெத்தென்றிருக்கட்டும் என்று ஸ்பாஞ்சு போட்டால் துணி அமிழ்ந்து கோணிவிடுமாம். சன்மைக்கா ஒட்டினால் நீராவி போக வழியில்லாமல் அடியில் ஈரம் தங்கிவிடுமாம். பாலியெஸ்டர் உறை சூட்டில் ஒட்டிக்கொள்ளும். சாயத்துணி ஈரத்தில் சாயம் விடும். கம்பளி சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். காடாவையும் முதலில் கஞ்சி போகத் துவைத்துத்தான் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி கருகிப் பெட்டியில் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் பிரித்து வைத்துப் பெட்டியை ஒத்தி எடுத்தாள். இழுத்துத் தேய்க்கவில்லை. தேய்த்தால் குறுக்கு வாட்டில் துணி நீண்டுவிடுமாம். நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்குப் பஸ் பிடிக்க வேண்டிய அவசரம்.

“உள்பக்கத் தையலுக்கு இஸ்திரி எதற்கம்மா? அடித்துணி வைத்துத் தைத்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. “பார்க்க மாட்டாங்க ஸார். ஆனா நாலு மூலை சேர்ற எடத்துல மடிப்பெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா முடிச்சு மாதிரி நின்னுடும். ஒரு வரிசைய இப்படி, அடுத்ததை அப்படின்னு படிய வச்சாத்தான் தட்டையா வரும். பச்சப் புள்ள முதுகுல உறுத்தும். அதுக்குச் சொல்லவும் தெரியாதே!”

நான் வாயை மூடிக்கொண்டேன். என் தாயாரின் சேலை. என் தமக்கையின் பேரக் குழந்தை. அவசரப்பட்டவன் நான்.

மறைவான வேலைக்கு நாம் வழக்கமாக இரண்டு காவல்களைச் சொல்லுகிறோம். ஆண்டவன் பார்க்கிறான் என்பது ஒன்று. அது மேஸ்திரிக்குப் பதிலாக இன்னும் பெரிய மேஸ்திரியை வைத்துக்கொள்வதுதான். மனச்சாட்சி பார்க்கிறது என்பது மற்றொன்று. அது உயர்ந்ததுதான். ஆனால் அங்கேயும் நடுவில் நிற்பது நான். என் தூய்மை, என் நிம்மதி. அந்த அம்மாளின் பதிலில் இந்த இரண்டுமே இல்லை. ஒரு சின்ன முதுகுதான் இருந்தது.

அப்படியானால் யார்மேலும் படாத மறைவான வேலை? தற்செயலாக மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். காடாவை இழுத்து அடித்த ஆணிகள் கோணல்மாணலாக இருந்தன. “அது யார் மேலயும் படாது ஸார்” என்று சிரித்தாள். எல்லாவற்றையும் அழகாகச் செய்தாக வேண்டும் என்ற பித்து அவளுக்கு இல்லை. எது யாரைத் தொடும் என்கிற கணக்கு மட்டும் இருந்தது.

அந்தப் பகுதியில் இந்தக் கணக்கு சின்ன விஷயமல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும் ஒரகடத்தில் 2010-இலும் கார் உற்பத்தி தொடங்கியது. காரை வாங்குகிறவன் வர்ணத்தைத் தடவிப் பார்க்கிறான். பிரேக்கின் உட்பாகத்தையும், தகட்டுக்குள் மறைந்த பற்றவைப்பையும் அவன் பார்ப்பதே இல்லை. அவற்றை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறான்.

1017-இல் ராமாநுஜர் அவதரித்ததாகச் சொல்லப்படும் ஊர் ஸ்ரீபெரும்புதூர். ரகசியமாய்க் கேட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, இத்தனை பேர் கரையேறினால் தான் ஒருவன் நரகம் போகலாம் என்றாராம். குருபரம்பரை சொல்லும் கதை. தன் புண்ணியக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பிறரை எண்ணிய அந்த மனசுக்கும், ஒரு தையற்கடை மேசைக்கும் உறவு உண்டென்றே எனக்குப் படுகிறது.

மூன்று நாள் கழித்து விரிப்பு வந்தது. உள்ளங்கையால் ஒரு முறை முழுக்கத் தடவிப் பார்த்தேன். எங்கும் தட்டுப்படவில்லை. குழந்தையைக் கிடத்தினோம், கொஞ்சம் கை காலை உதைத்தது, பிறகு தூங்கிவிட்டது.