சிகையும் கத்திரியும்

பஞ்சசீலம் ஏற்ற தகப்பனார் ஒருவர், உறங்கிக்கொண்டிருந்த தம் மகனுடைய தலைமயிரைக் கத்தரித்துவிட்டார். அது தகுமா, தகாதா? கேள்வி சிறியதெனத் தோன்றும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. விடை சொல்ல முற்பட்டபோதுதான் அதன் கனம் விளங்கியது.

நிகழ்ந்த இடம் அந்தமானிலுள்ள லம்பா லைன். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில், விமான நிலையத்தை அடுத்துள்ள குடியிருப்பு அது. அங்கே அன்பர் ஒருவர் இல்லத்தில் நாம் சில நாள் தங்கியிருந்தோம். அவருடைய பாட்டனார் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, சுதந்திரத்திற்குப் பின் மரம் வெட்டும் கூலியாகக் கப்பலேறியவர். அன்பர் தம்மத்தைத் தழுவிப் பதினோராண்டுகள் ஆகின்றன. மகனுக்கு வயது 15.

பையனின் கோலத்தைச் சொல்லவேண்டும். நாம் சென்ற அன்று அது கலைந்திருந்தது. முன்பு எடுத்த படத்தில்தான் கண்டோம். காதோரம் இருபுறமும் தோல் தெரிய மழித்து, உச்சியில் மட்டும் மயிரை வளரவிட்டு, அதற்குச் செம்பட்டைச் சாயம் ஏற்றியிருந்தான். முழங்காலில் கிழித்துவிட்ட இறுகிய ஜீன்ஸ். தொடைவரை தொங்கும் கறுப்பு டி-ஷர்ட். ஒற்றைக் காதில் சிறு வளையம். மாலையானால் இவனைவிடச் சற்று மூத்த நால்வர் ஸ்கூட்டர்களில் வந்து வாசலில் நிற்பர். நால்வர் தலையும் செம்பட்டையே. சென்னையில் 2019ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘புள்ளிங்கோ’ என்று பெயர் பெற்ற கோலம் இது. பிள்ளைகள் என்பதன் சென்னைப் பேச்சு வடிவமே அச்சொல். செல்லமாக வழங்கிய பெயர், வெகு விரைவில் ஏளனப் பெயராயிற்று; குடிசைப்பகுதிப் பிள்ளைகளைச் சுட்டி நகைக்கப் பலருக்கும் அது வசதியாக வாய்த்தது. கைப்பேசி வழியே அக்கோலம் கடலைக் கடந்து தீவுக்கும் வந்துவிட்டது. படத்தைக் கண்டபோது நாமும் முகம் சுளித்தோம் என்பதை ஒளிப்பானேன்?

பள்ளியிலிருந்து எச்சரிக்கை வந்த இரவு, தகப்பனார் கத்திரியை எடுத்தார். அவர் நம்மிடம் கூறிய நியாயம் இது: “ஐயா, ‘நான்’ என்பதே மாயை என்று பகவன் போதித்தார். இவனோ விடிந்தது முதல் கண்ணாடி முன் நின்று ‘நான், நான்’ என்கிறான். நான் கத்தரித்தது மயிரையன்று, அகந்தையை.” சொல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது நாட்களாக மகன் அவரிடம் பேசவில்லை. அவர் வேலைக்குச் சென்ற பின்னரே உண்ணுகிறான் என்று தாயார் கண் கலங்கினார்.

அநாத்மக் கொள்கை அவ்வீட்டில் கத்திரிக்குத் துணையாக வந்துவிட்டது. அக்கொள்கையையே முதலில் ஆராய்வோம். மிலிந்த மன்னன் நாகசேன தேரரிடம், மயிர் நாகசேனரா, நகம் நாகசேனரா, பல் நாகசேனரா என்று ஒவ்வொன்றாய் வினவினான். எதுவும் அன்று என்றார் தேரர். பின்பு அரசன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று திருப்பிக் கேட்டார். உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர், அங்ஙனமே ஆள். ஆதலின் செம்பட்டை மயிர் அப்பையன் அன்று என்பதில் ஐயமில்லை. இதுவரை தகப்பனார் பக்கமே நியாயம். ஆயின் அடுத்த அடியை அவர் எடுத்துவைக்கவில்லை. மயிரில் மகன் இல்லையெனில், அம்மயிரில் தந்தையின் மானம் மட்டும் எங்ஙனம் குடிகொண்டது? கத்திரி எடுத்த கையிலும் ஒரு ‘நான்’ இருந்ததன்றோ?

வாசெட்ட சுத்தத்தில் பகவன் மற்றொன்றும் விளக்குகிறார். புல்லுக்கும் புழுவுக்கும் பறவைக்கும் பிறவியாலேயே இனவேறுபாட்டுக் குறிகள் உண்டு. மனிதருக்குள் அத்தகைய குறி தலைமயிரிலும் இல்லை, காதிலும் கண்ணிலும் இல்லை என்பது அதன் கருத்து. இயற்கை வைக்காத குறியை மனிதர் எவ்வாறு வைத்தனர்? துணியால் வைத்தனர், சிகையால் வைத்தனர். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆடவர் துணி இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் செல்லலாகாது, சட்டையோ பனியனோ கூடாது, கிராப்பு வெட்டிக்கொள்ளலாகாது, குடை, செருப்பு கூடா. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டதை ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி பதிந்து வைத்துள்ளார். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் நெடுங்காலம் போராடியபின் 1859இல் மார்பை மறைக்க அரசாணை கிடைத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டதை அடுத்து, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களை மயக்குகின்றனர் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். ஜீன்ஸ் உலகமெங்கும் ஜீன்ஸ்தான். நம் பிள்ளையின் காலில் ஏறியதும் அது குற்றமாகிவிடுகிறது!

அந்தமான் மண்ணுக்கு இவ்வுண்மை புதிதன்று. 1858இல் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய காலந்தொட்டு, ஆளின் கோலத்தை ஆள்வோரே வகுத்த இடம் அது. கைதியின் கழுத்தில் மரச்சீட்டு ஒன்று தொங்கும். அவன் எண், தண்டனை பெற்ற சட்டப்பிரிவு, தீர்ப்பு நாள் யாவும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அவனைக் காண்போர் முகத்தைப் பாராமல் சீட்டைப் பார்ப்பர். தன் உடம்பின்மேல் என்ன எழுதப்படவேண்டும் என்பதைப் பிறர் முடிவுசெய்யும் நிலைக்கு இதைவிடத் தெளிந்த உருவம் வேண்டுமோ?

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு பையனுடன் பேசினோம். ஏன் இக்கோலம் என்று கேட்டோம். “பள்ளியில் எல்லோரும் ஒரே சீருடையில் வரிசையாக நிற்கிறோம், ஐயா. தலையைப் பார்த்தால்தான் நான் இன்னான் என்று தெரியும்” என்றான். உன் தோழர் நால்வர் தலையும் இவ்வாறே இருக்க, உன்னை எங்ஙனம் பிரித்தறிவது என்றோம். சிரித்துவிட்டான், “எங்களுக்குள் தெரியும்” என்றான். இந்தப் பதிலை நாம் எளிதாக எள்ளிவிடலாம். ஆயினும் 15 வயதில் எவனும் தனியே நின்று தானாவதில்லை. தான் தேர்ந்த ஒரு கூட்டத்தில் நின்றுதான் தானாகிறான். பிறப்பு தந்த கூட்டத்தைவிட்டுத் தேர்ந்த கூட்டத்தில் புகுவது நமக்கு அந்நியமா? 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் வெண்ணிற ஆடை அணிந்து திரண்ட மக்கள் வேறென்ன செய்தனர்? 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவினர் 19 பேரும், கானா பாடுவோர் உட்பட, ஒரே சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாக மேடையேறினர். பண்டிதர் அயோத்திதாசர் கையாண்ட சொல்லிலிருந்து பெயர் பெற்ற குழு அது. அந்தக் கோட்டு பாபாசாகேபை நினைவூட்டியது என்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே உடை வெறும் பகட்டு என்று கூறும் தகுதி நமக்கு இல்லை. உடையால் பேசியவர்கள் நாம்.

பின்பு ஒரு கேள்வி கேட்டோம். “தம்பி, நாளை நீ மட்டும் இக்கோலத்தை விட்டுவிட்டால், அந்நால்வரும் வாசலில் வந்து உன்னைக் கூப்பிடுவார்களா?” நெடுநேரம் தரையைப் பார்த்திருந்து, “தெரியவில்லை, ஐயா” என்றான். தலை இப்படி ஆனபின் அவர்கள் வரவில்லை என்பதைத் தாயார் பிறகு சொன்னார். பற்று என்று பகவன் பெயரிட்டது இதையே எனக் கருதுகிறோம். சாயத்தில் பற்றில்லை, சாயமின்றி இருக்க அஞ்சுவதில் இருக்கிறது. விரும்பியபோது கழற்றக்கூடியது உடை. கழற்ற அஞ்சுவது, நாமே விரும்பி மாட்டிக்கொண்ட கழுத்துச்சீட்டு.

இதே கேள்வியைத் தகப்பனாருக்கும் வைத்தோம். பௌர்ணமிதோறும் அவர் அணியும் வெள்ளை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் விட்டு, லுங்கியோடு வந்தனைக்கு வரக்கூடுமா? “அதெப்படி, ஐயா!” என்றார் சட்டென்று. சொன்ன வேகத்தில் அவரே நிறுத்திக்கொண்டார்.

தந்தைக்கு உரிமையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இராகுலனுக்குத் துறவு அளிக்கப்பட்டபோது சுத்தோதனர் தோலையும் எலும்பையும் துளைக்கும் துன்பத்தைச் சொல்லி முறையிட்டார். பெற்றோர் இசைவின்றி எவருக்கும் துறவு அளிக்கலாகாது என்று பகவன் விதி செய்தார். பெற்றவர் நோவைப் பகவன் மதித்தார். ஆயினும் அவருடைய சொந்தச் சிகை கழிந்த வரலாற்றையும் நினையுங்கள். அநோமை ஆற்றங்கரையில் தம் கையால், தம் வாளால் களைந்தார். தம்மத்தில் சிகை களைவது உயர்ந்த செயல். விழித்திருப்பவன் கேட்டுப் பெறுவதால் உயர்ந்தது. உறங்குகிறவனை மழித்துத் துறவியாக்கியதாக எங்கும் கேட்டதில்லை. பையன் பொய் சொன்னதுண்டா, குடித்ததுண்டா, பிறர் பொருளைத் தொட்டதுண்டா என்று கேட்டோம். இல்லை என்றார் தகப்பனார். சீலம் ஐந்தும் நிற்க, எஞ்சியது அவருடைய பார்வைக்குப் பிடிக்காமை ஒன்றே.

அக்கூடத்துச் சுவரில் பாட்டனாரின் படம் தொங்கியது. தீவுக்கு வந்து முதல் கூலியில் அபர்தீன் பஜாரில் சட்டை தைத்து, கிராப்பு வெட்டி, எண்ணெய் தடவி வகிடெடுத்துப் பிடித்த படம். முதுகுளத்தூரில் அவர் சிறுவனாயிருந்தபோது அந்தக் கிராப்புக்குக் குடிசை எரியும். இதை அன்பரே நமக்கு முன்பொருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது நாம் ஒன்றும் சொல்லவில்லை, படத்தைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

நாம் புறப்பட்ட காலையில் பையன் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தான். தலையில் தொப்பி இருந்தது. வாசற்படியில் தகப்பனார், யாரையும் பாராமல், “வளர்ந்தபின் சாயம் போடுவதென்றால் நல்லதாய் வாங்கு. மலிவுச் சாயம் தலையைப் புண்ணாக்கிவிடும்” என்றார். ஒன்பது நாட்களுக்குப் பின் பையன் வாய் திறந்து, “எவ்வளவு ஆகும், அப்பா?” என்று கேட்டான்.